குஞ்சு கொடுப்பது எளிது. கோழியாக்குவது யார் பொறுப்பு?

தாராவித் தமிழர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தாராவியின் எல்லைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. தோல் பதனிடும் தொழில், இட்லி வணிகம், தையற்கூடங்கள், குடிசைச் சீரமைப்பு, தேர்தல் அரசியல் என்று விரியும் அவ்வாய்வுகளில், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர்களில் பல குடும்பங்களுக்கு இன்னும் மிஞ்சியிருக்கும் ஓட்டு வீடும் துண்டு நிலமும் முதிய பெற்றோரும் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவது அரிது. உண்மையில் குடும்பம் ஒன்று, அடுப்பு இரண்டு. ஓரடுப்பு தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் எரிகிறது. மற்றது தாமிரபரணிக் கரையிலோ தேரிக்காட்டு ஓரத்திலோ எரிகிறது. முதலாவதைப் பற்றி நூலகம் நிறைய எழுத்து இருக்கிறது. இரண்டாவதைப் பற்றிய அறிவு, விடுமுறைக்கும் கோவில் கொடைக்கும் ஊர் சென்று திரும்புவோரின் பேச்சோடு நின்றுவிடுகிறது.

அந்த இரண்டாம் அடுப்பைச் சார்ந்து ஒரு கேள்வி தலைமுறைதோறும் எழுகிறது: ஊரில் இருக்கும் அம்மா, மாதந்தோறும் மும்பைப் பணத்தை எதிர்பார்க்காமல், கைச்செலவுக்கேனும் எதை வைத்துச் சம்பாதிப்பது? மாடு வாங்கித் தரலாம். ஆனால் வைக்கோலும் கறவையும் முதுமைக்கு ஒத்துவருவதில்லை. ஆடு வாங்கித் தரலாம். மேய்க்க ஆள் வேண்டும். இறுதியில் எஞ்சும் விடை கோழி. ஏற்கெனவே முற்றத்தில் நான்கைந்து கோழிகள் மேய்கின்றன. இன்னும் ஐம்பது குஞ்சுகளை வாங்கி விட்டால் ஆறு மாதத்தில் பணம் என்று கணக்கு எழுதப்படுகிறது. கணக்கை எழுதுபவர் தாராவியில் இருக்கிறார். குஞ்சுகளைக் காப்பாற்ற வேண்டியவர் ஊரில் இருக்கிறார். இக்கட்டுரையின் வாதம் இந்த இடைவெளியைப் பற்றியது.

இது ஏழைக் குடும்பத்து மகனின் எளிய ஆசை மட்டுமன்று. உலகின் மிகப் பெரும் செல்வர்களுள் ஒருவரான பில் கேட்சும் இதே கணக்கைத்தான் எழுதினார். 2016ஆம் ஆண்டு, ஹைஃபர் இன்டர்நேஷனல் அமைப்பின் வழியாக ஒரு இலட்சம் கோழிகளை வழங்கப்போவதாக அவர் அறிவித்தார். ஐந்து கோழிகளுடன் தொடங்கும் ஒரு பெண், பக்கத்து வீட்டுச் சேவலின் துணையோடு மூன்று மாதத்தில் நாற்பது குஞ்சுகளைப் பெறலாம். மேற்கு ஆப்பிரிக்க விலையில் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஈட்டலாம் என்பது அவர் காட்டிய பெருக்கல். பொலிவியா அந்தக் கொடையை அவமதிப்பாகக் கருதி மறுத்தது. தன் நாட்டிலேயே பெருங்கோழித் தொழில் இருக்கிறது என்பது அந்நாட்டின் விடை. செய்தித்தாள்கள் அதை நகைச்சுவையாக்கின. ஆனால் நகைப்புக்கு அடியில் கிடந்த வினா விவாதிக்கப்படவில்லை. பெருக்கல் கணக்கில் ஒவ்வொரு குஞ்சும் கோழியாகிறது. முற்றத்தில் அப்படி ஆவதில்லை. ஏன்?

முதற்காரணம் இரை. புறக்கடைக் கோழிக்குச் செலவே இல்லை என்பது பரவலான நம்பிக்கை. அது சிந்திய நெல்லையும் புழுவையும் கறையானையும் சமையற்கழிவையும் தின்று வளர்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த இரைக்கு அளவு உண்டு. 1990களின் தொடக்கத்தில் இலங்கையின் சிற்றூர்களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ராபர்ட்சும் குணரத்னவும் அவர்தம் உடனாய்வாளர்களும், ஓர் ஊரில் மேயும் கோழிகளுக்குக் கிடைக்கும் மொத்த இரையை ஒரு பொதுவளமாகக் கருதி அளந்தார்கள். வீட்டுக் கழிவின் அளவு, மக்கள்தொகை, பயிர், பருவம் ஆகியவை அந்த வளத்தின் எல்லையை வரையறுக்கின்றன. எல்லையைத் தாண்டிக் கோழிகளைச் சேர்த்தால் மொத்த இறைச்சியோ முட்டையோ கூடுவதில்லை. ஒவ்வொரு கோழிக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. போட்டியில் தோற்பவை குஞ்சுகள். அவை பசியால் நேராகச் சாவதில்லை. மெலிந்து, பின்தங்கி, நோய்க்கும் காகத்துக்கும் பருந்துக்கும் கீரிக்கும் இரையாகின்றன. வீட்டார் கண்ணுக்குப் பருந்துதான் தெரியும். பருந்துக்கு முன்பே இரைப் பற்றாக்குறை அந்தக் குஞ்சைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

ஐந்து கோழிகள் மேயும் முற்றத்தில் ஐம்பது குஞ்சுகளை விடுவதென்பது, இந்த நோக்கில் பார்த்தால், ஒரே சோற்றுப் பானையைச் சுற்றி ஐம்பது பேரை உட்கார வைப்பதாகும். பக்கத்து வீட்டாரின் கோழிகளும் அதே பானையில்தான் உண்கின்றன. ஒரு தெருவில் பத்துப் பெண்களுக்கு ஒரே நாளில் குஞ்சு வழங்கும் திட்டம், பத்துப் பேருக்கும் தனித்தனியே நன்மை செய்வதாக ஏட்டில் பதிவாகும். தெருவின் பொது இரையோ பத்து மடங்கு நெருக்கடிக்கு உள்ளாகும். பயனாளியைத் தனிநபராக எண்ணும் நிர்வாகத்துக்கு இது புலப்படுவதில்லை.

இரண்டாம் காரணம் நோய். தமிழில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் நோய்க்கு, 1920களில் இமயமலைப் பகுதி நகரான இராணிக்கேத்தில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதால், அவ்வூரின் பெயரே அறிவியல் வழக்கிலும் நிலைத்தது. தடுப்பூசி போடாத மந்தைக்குள் அது நுழைந்தால் முற்றமே ஒரு வாரத்தில் காலியாகும். புதிய குஞ்சுகளைச் சேர்க்கும் நாள் நோய்க்கு மிக வாய்ப்பான நாள். சந்தையிலிருந்து வருபவை நோயைக் கொண்டுவரலாம். அல்லது ஊர்க்கோழிகள் வெளியே தெரியாமல் சுமக்கும் நோயைப் பெறலாம். எனவே புதியவற்றை இரண்டு மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்ப்பது, முதலில் பழைய கோழிகளுக்கும் பின்னர் புதியவற்றுக்கும் தீனி வைப்பது, ஒரே தண்ணீர்ச் சட்டியை இருசாராருக்கும் பயன்படுத்தாமை ஆகியவை அடிப்படை விதிகள். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு தனி இடமும் பொறுமையும் வேண்டும்.

தடுப்பூசியின் நிலை வேறு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாகவும், எட்டு வார அளவில் ஊசியாகவும் அது தரப்படுகிறது. மருந்துக் குப்பிகளோ நூறு, இருநூறு என்று பெருமந்தைக் கணக்கில் வருகின்றன. குளிரில் காக்கப்பட வேண்டிய அம்மருந்தைக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். எட்டுக் குஞ்சுகளை வைத்திருக்கும் ஒருத்தி நூறு குஞ்சுக்கான குப்பியை வாங்கித் தொண்ணூற்றிரண்டு பங்கைக் கொட்டுவாளா? தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது, அது போற்றத்தக்கது. ஆனால் அடைக்கோழி முகாம் நாளைப் பார்த்து அடை கிடப்பதில்லை. ஆண்டில் மூன்று நான்கு முறை பொரிக்கும் குஞ்சுகளுக்கு ஆண்டில் ஒரு முகாம் போதாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புறக்கடைக் கோழிகளுக்கென, தீனியோடு தரத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. அறிவு ஆய்வகத்தில் இருக்கிறது. அதை எட்டுக் குஞ்சுகள் உள்ள முற்றம் வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் குறை.

மூன்றாம் காரணத்தைச் சமூகவியல் படிப்போர் எளிதில் ஏற்பார்கள். கோழிகளுக்குள் வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் கோழிகளைக் கூர்ந்து நோக்கி, எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது யாருக்கு ஒதுங்க வேண்டும் என்ற நிலையான அடுக்கை விவரித்தார். மனிதச் சமூகங்களைப் பற்றிப் பேசும்போதும் ஆங்கிலத்தில் கையாளப்படும் ‘கொத்தும் வரிசை’ என்ற உவமை அங்கிருந்தே பிறந்தது. புதியவை நுழைந்ததும் அந்த வரிசை கலைந்து மீண்டும் அமைய வேண்டியிருக்கிறது. உடல் வளராத, எண்ணிக்கையில் ஒன்றிரண்டான, ஒளிய இடமில்லாத புதுக்குஞ்சு அந்தப் போராட்டத்தில் கொத்துண்டு சாகிறது. ஒரு வாரம் வலைக்கு அப்பால் ஒன்றையொன்று பார்க்கவிட்டு, ஓரளவு உடல் தேறியபின், பல இடங்களில் தீனி வைத்து, அந்தி சாய்ந்து கோழிகள் அடங்கும் நேரத்தில் சேர்ப்பது இதனால்தான். அடைக்கோழியின் குஞ்சுக்கு இந்தச் சிக்கல் குறைவு. தாயின் இறக்கை வெப்பத்தையும் தருகிறது, வரிசையில் ஓர் இடத்தையும் தருகிறது. பொரிப்பகத்துக் குஞ்சு இரண்டையும் இழந்து வருகிறது. முதல் வாரத்தில் அதற்கு ஏறத்தாழ 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். மின்விளக்கு அணைந்த ஓர் இரவு போதும், காலையில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செத்துக் கிடக்கும்.

நகரத் தெருக்களிலும் ஊர்ச் சந்தைகளிலும் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயமேற்றி விற்கப்படும் குஞ்சுகள் இந்த இழப்பின் உச்சம். முட்டையினப் பொரிப்பகங்களில் ஆண்குஞ்சுகளுக்குப் பயனில்லை. அந்த உபரியே இவ்வாறு விலையாகிறது. ஊர்ப் பேருந்து நிலையத்தில் பத்தை வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு மும்பை வண்டி ஏறும் மகன், தான் முதலீடு செய்ததாகவே நம்புகிறான். முட்டையினச் சேவல்களை, தாயின்றி, தடுப்பூசியின்றி, அம்மாவின் கணக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான் என்பதே நடந்தது.

இவையனைத்தையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. தென்மாவட்டப் பெண்கள் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, அதற்குள் குருணையும் தவிடும் வைக்கும் வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். பெரிய கோழி நுழைய முடியாத அந்தக் கூடை, குஞ்சுக்கு மட்டும் தனியே இரை கிடைக்கச் செய்கிறது. இலங்கை ஆய்வுகளின் முடிவிலிருந்து கிளைத்த பரிந்துரையும் அதுவே: இரை அளவானதாயின், கூடுதல் தீனியைப் பெரிய கோழிகள் எட்டாதவாறு குஞ்சுகளுக்கு ஒதுக்கு. பழைய பானையில் சாணத்தையும் கிழிந்த சாக்கையும் அடைத்து, நீர் தெளித்து, இரவில் கவிழ்த்து வைத்துக் காலையில் கறையானைக் குஞ்சுகளுக்கு உதறும் வழக்கம், பொது இரையின் எல்லையைச் சற்றே விரிக்கும் முயற்சி. இவ்வறிவு எண்ணிக்கையோடு பிணைந்தது. பத்துக் குஞ்சுக்குப் பஞ்சாரம் போதும். ஐம்பதுக்கு அது போதாது. அங்கே கொட்டகையும் விலைத்தீனியும் தேவைப்படும், அவற்றோடு கடனும் வரும்.

எண்ணிக்கை கூடும்போது உரிமையும் மாறுகிறது. முற்றத்துக் கோழி பெண்ணின் பணம். பேத்திக்குப் பாவாடை, மருந்துக்கடைப் பாக்கி, சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஆகியவற்றை அவள் யாரையும் கேட்காமல் முடிவு செய்கிறாள். அதுவே ஐந்நூறு கோழிப் பண்ணையாகும்போது வங்கிக் கணக்கும் வியாபாரியின் தொலைபேசி எண்ணும் வீட்டு ஆணிடம் போய்ச் சேர்கின்றன. அவளுக்கு எஞ்சுவது கூட்டிப் பெருக்கும் வேலை. வருமானம் கூடியது என்று ஆய்வேடு எழுதலாம். யாருடைய வருமானம் என்ற கேள்வி அந்த ஏட்டில் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். பொருளியல் அறிஞர் கிறிஸ் பிளாட்மேன் 2017இல் பில் கேட்சுக்கு எழுதிய திறந்த மடலில் அதை முன்வைத்தார்: கோழிக்கும் பயிற்சிக்கும் செலவிடும் தொகையை ஏழைகளிடம் பணமாகவே கொடுத்துவிட்டால் என்ன? எது நல்லது என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். இரண்டையும் ஒப்பிட்டுச் சோதியுங்கள். பணம் பெறுபவரின் அறிவை மதிக்கும் வாதம் இது; மறுக்கத்தக்கதன்று. ஆனால் தாராவிக் குடும்பத்தின் நிலையில் பணம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. மாதந்தோறும் மகன் அனுப்புகிறான். அந்தப் பணத்தால் நூறு பங்குக் குப்பியை எட்டாகப் பிரிக்க முடியவில்லை. தெருவின் பொது இரையைக் கூட்ட முடியவில்லை. தனிநபர் பணத்தால் வாங்க முடியாத சில உண்டு. ஊருக்கு ஒரு தடுப்பூசிக்காரர், குஞ்சுகளை எட்டு வாரம் வரை வளர்த்துத் தரும் ஓர் இடைநிலை வளர்ப்பாளர் ஆகியோர் அவற்றுள் முதன்மையானவர்கள்.

இது கற்பனையன்று. வங்கதேசத்தில் 1990களில் டென்மார்க் உதவியோடு, பிராக் போன்ற அமைப்புகள் ஈடுபட்டு வளர்த்தெடுத்த முறை இந்தப் பிரிவினையையே அடிப்படையாகக் கொண்டது. சில பெண்கள் குஞ்சு பொரிப்பார்கள். சிலர் ஒருநாள் குஞ்சுகளை இரண்டு மாத வயது வரை வளர்ப்பார்கள். சிலர் தடுப்பூசி போடுவார்கள். பெரும்பாலோர் வளர்ந்த கோழிகளைச் சிறு எண்ணிக்கையில் வைத்துக்கொள்வார்கள். மிக ஆபத்தான எட்டு வாரங்கள், அதற்கென இடமும் பயிற்சியும் உடையவரின் பொறுப்பாயின. அம்முறைக்கும் குறைகள் உண்டு; நிதி நின்றதும் இணைப்புகள் தளர்வது அவற்றுள் ஒன்று. எனினும் கேள்வியை அது சரியாக வகுத்தது. இந்திய அரசின் புறக்கடைக் கோழித் திட்டத்திலும் இந்த அறிவின் சாயல் இருந்தது. நான்கு வாரம் வரை தாய்ப்பண்ணையில் வளர்த்த 45 குஞ்சுகளை 20, 16, 9 எனத் தவணைகளாகத் தர வேண்டும் என்பது அதன் வகைமுறையாக இருந்தது. ஏட்டில் தவணை இருந்தது. விழா மேடையில் ஒரே நாளில், ஒரே புகைப்படத்தில் கொடுத்து முடிக்கும் ஆசைக்கு எதிராக அந்தத் தவணை எங்கெங்கே தாக்குப்பிடித்தது என்பதே ஆராய வேண்டியது.

பொது ஏற்பாடு இல்லாத வெற்றிடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கு 2012ஆம் ஆண்டின் பெருந்துறை சான்று. ஈமுக் கோழி, பின்னர் நாட்டுக்கோழி என்று ஒப்பந்தப் பண்ணை நிறுவனங்கள் முளைத்தன. முன்பணம் கட்டினால் குஞ்சும் தீனியும் கொட்டகையும் தருவோம், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை தருவோம், ஆண்டிறுதியில் ஊக்கத்தொகை தருவோம் என்றன. கோழியை விற்று வந்த இலாபத்திலிருந்து அன்று, அடுத்து வந்தவரின் முன்பணத்திலிருந்தே முன்னவருக்கு மாதத்தொகை போனது. சங்கிலி அறுந்தபோது சேமிப்பை இழந்தோர் நீதிமன்றப் படியேறினர். தீனியின்றி விடப்பட்ட பறவைகளுக்கு அரசு இரை போட வேண்டியிருந்தது. குஞ்சு பிழைக்குமா என்ற கேள்வியை முதலீட்டாளர் கேட்கவே தேவையில்லாதபடி அமைத்ததுதான் அந்தத் திட்டங்களின் கவர்ச்சி. தொலைவிலிருந்து பணம் போடுபவருக்கு அந்தக் கவர்ச்சி இரட்டிப்பாகும்.

தாராவியில் இப்போது நடப்பது இக்கேள்வியை அவசரமாக்குகிறது. அந்நகரம் விலங்கையும் விலங்கை நம்பிய மனிதரையும் தொடர்ந்து விளிம்புக்குத் தள்ளியே வளர்ந்தது. பாந்திராவின் இறைச்சிக்கூடம் இருந்ததால் தாராவிக்குத் தோல் தொழில் வந்தது. அதை நடத்தத் தமிழ் முஸ்லிம் வணிகர்களும், உழைக்கத் திருநெல்வேலிச் சீமையின் ஒடுக்கப்பட்ட மக்களும் வந்தார்கள். 1949இல் மாட்டுத் தொழுவங்களை நகரிலிருந்து அகற்ற ஆரே பால் குடியிருப்பு அமைந்தது. 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பின்னர் வெளியேறின. இப்போது மனிதர்களின் முறை. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருந்ததை மெய்ப்பிப்போருக்குத் தாராவியில் 350 சதுர அடி. ஏனையோருக்கு வெளியே வீடு என்கிறது சீரமைப்புத் திட்டம். அதற்கென ஒதுக்கப்பட்ட நிலங்களுள் ஒன்று, குர்லாவில் இருந்த அரசுப் பால்பண்ணை நிலம்.

கணக்கெடுப்பாளர் அளப்பது தாராவிச் சுவர்களுக்கு இடைப்பட்ட பரப்பை. தொழில் இடம் மாறினால், வாடகை கூடினால், வாடிக்கையாளர் சிதறினால், ஊருக்குப் போகும் பணம் சுருங்கும் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. 2020இல் ஊரடங்கின்போது தாராவியிலிருந்து பலர் தென்மாவட்டங்களுக்குத் திரும்பியதை நாடு பார்த்தது. அப்போது ஊரிலிருந்த அந்த இரண்டாம் அடுப்பு எத்தனை பேரைத் தாங்கியது என்று அளந்து வைத்தவர் அரிது. அடுத்த நெருக்கடியிலும் அதுவே தாங்க வேண்டியிருக்கும். முற்றத்துக் கோழி அந்த அடுப்பின் மிகச் சிறிய, மிக விரைவில் காசாகும் காப்பு. அதன்மேல் ஐம்பது குஞ்சின் கனவை ஏற்றி முறித்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

ஆகவே ஆய்வாளர்கள் முன்னும் திட்டம் வகுப்போர் முன்னும் சில எளிய கோரிக்கைகளை வைக்கலாம். வழங்கிய குஞ்சுகளின் எண்ணிக்கையை வெற்றியாக எண்ணுவதை நிறுத்த வேண்டும். எட்டாம் வாரத்திலும் இருபதாம் வாரத்திலும் உயிரோடு இருப்பவற்றை எண்ண வேண்டும். ஒருநாள் குஞ்சைத் தருவதாயின் அடைக்கோழி உள்ள வீட்டுக்கே தர வேண்டும். அதுவும் அக்கோழி கிடக்கும் நாளில், இரவில், அதன் இறக்கைக்கடியில் சேர்க்கத்தக்க சிறு எண்ணிக்கையில். அடைக்கோழி இல்லாத வீட்டுக்கு இரண்டு மாதம் வளர்ந்து தடுப்பூசி போட்ட விடைகளைத் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள கோழிகளின் எண்ணிக்கையை முதல் தவணை மிஞ்சக் கூடாது. கோரே கிராமத்துக்கென்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை: குறைந்த செலவில் வளரும் புறக்கடை இனங்களுக்காக மைய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம் ஒன்று மும்பையின் ஆரேயிலேயே இருக்கிறது, தமிழ்நாட்டில் பல்கலைக்கழகமும் கால்நடை மருந்தகங்களும் இருக்கின்றன. அவற்றின் அறிவைச் சிறு குப்பியாக்கி, சிறு தவணையாக்கி, ஊர்ப் பெண் ஒருத்தியின் கையில் ஊதியத்தோடு ஒப்படைப்பதே மீதி வேலை.

தாராவியிலிருந்து பணம் அனுப்புவோருக்கும் ஒரு சொல் உண்டு. எத்தனை குஞ்சு வாங்கலாம் என்று தீர்மானித்துவிட்டுத் தொலைபேசியில் அறிவிப்பதற்கு முன், எத்தனையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று அம்மாவைக் கேட்கலாம். பத்து என்று அவர் சொன்னால் அது ஆசைக்குறைவு அன்று. முற்றத்தின் இரையையும், பருந்தின் வழியையும், பஞ்சாரத்தின் அகலத்தையும், தன் முழங்கால் வலியையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இத்துறையில் இதுவரை எழுதப்பட்ட பல திட்ட அறிக்கைகளைக் காட்டிலும் அந்தக் கணக்கு துல்லியமானது.